ஷோர்ட் காரனுக்குப் பயப்படுறதா, மாத்துற பங்குக்குப் பயப்படுறதா?

போன கிழமை ரியூசன் முடிஞ்சு பிள்ளையள் போய் கேட்டைப் பூட்டிட்டு வந்து இருக்கேக்க ஏழரை மணி இருக்கும், ஸ்காபரோவில இருக்கிற அக்காட மகனிட்ட இருந்து வொய்ஸ் நோட். அங்க காலம பத்து மணி, மார்க்கெட் திறந்து அரை மணித்தியாலம். "மாமா, என்ர ஷெயார் ஒரே நாள்ல 22 வீதம் விழுந்துட்டு, கொம்பனி ஏதோ கொன்வேர்ட்டிபிள் ப்ரிஃபர்ட் விக்கப்போகுதாம், அதோட ஷோர்ட் வேற 30 வீதம் இருக்காம், குரூப்பில பெடியள் சொல்லுறாங்கள் இது முழுக்க ஷோர்ட் காரன்ட வேலைதான், பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தா ஸ்குவீஸ் வரும் எண்டு. விக்கிறதா, வச்சிருக்கிறதா, இல்லாட்டி அந்த ப்ரிஃபர்டையே வாங்குறதா, இல்லாட்டி நானும் சேந்து ஷோர்ட் அடிக்கிறதா?"

நாலு கேள்வி ஒரே மூச்சில. நான் திருகோணமலை உவர்மலையில ஏஎல் பிள்ளையளுக்கு வணிகமும் கணக்கீடும் படிப்பிக்கிற ஆள், வோல் ஸ்ட்ரீட் எல்லாம் எனக்கு யூடியூப்பும் பேப்பரும்தான். ஆனா முன்னுரிமைப் பங்கு எண்டு நாங்க புத்தகத்தில ரெண்டு பக்கத்தில முடிக்கிற விஷயம் அங்க ஆக்கள்ட சேமிப்பை விழுங்குற அளவுக்குப் போயிருக்கு, அதால கொஞ்சம் தோண்டிப் பாத்தன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறன்.

முதல்ல ஷோர்ட். தை மாசம் தம்பலகாமத்தில அறுவடை தொடங்க முன்னம் நெல்லு விலை கூடித்தான் நிக்கும். பக்கத்து வீட்டுக்காரரிட்ட நூறு மூட்டை சும்மா கிடக்கு, நான் அதைக் கடனா வாங்கி மூட்டை 8000 ரூபாப்படி வித்துப்போடுறன், பங்குனியில அறுவடை நெல்லு வந்து குவிஞ்சு விலை 6000க்கு வந்ததும் நூறு மூட்டை வாங்கி அவருக்குத் திருப்பிக் குடுக்கிறன், ரெண்டு லட்சம் எனக்கு, அதுக்குள்ள அவருக்குக் கடன் கூலி கொஞ்சம். இதுதான் ஷோர்ட், 30 வீதம் எண்டு அவன் சொன்னது அந்தளவு பங்கை இப்பிடிக் கடன் வாங்கி வித்திருக்கினம் எண்டது. மழை வெள்ளத்தில பயிர் போய் விலை 12,000 ஆனா? அப்பவும் நூறு மூட்டை குடுத்தே ஆகவேணும், நாலு லட்சம் கைக்காசு. விலை எவ்வளவு ஏறும் எண்டதுக்கு உச்சவரம்பு இல்ல, அதால என்ர நட்டத்துக்கும் இல்ல. இப்பிடி மாட்டுப்பட்ட ஷோர்ட் காரர் எல்லாரும் ஒரே நேரம் வாங்க ஓடேக்க விலை சட்டெண்டு ஏறுறதைத்தான் ஸ்குவீஸ் எண்டுறது.

இதில கவனிக்கவேண்டியது ஒண்டுதான். ஷோர்ட் காரன் இண்டைக்கு வித்தாலும் ஒருநாள் வாங்கியே தீரவேணும். அவன் விக்கேக்க விலை இறங்கும், வாங்கேக்க ஏறும். கொம்பனிட பங்கு எண்ணிக்கை ஒண்டுகூடக் கூடுறதில்ல, கடனா வாங்கினது திரும்பிப் போயிடும். அதாலதான் கொம்பனி நல்லா இருந்தா ஷோர்ட் காரனால அதை நிரந்தரமா அமத்தி வச்சிருக்க ஏலாது, கொம்பனி பழுதா இருந்தா அவன் இல்லாட்டியும் விலை விழும். 2008 செப்டெம்பர்ல அமெரிக்காவில 799 நிதிக் கொம்பனிப் பங்குகளை ஷோர்ட் பண்ணக்கூடாது எண்டு தடையே போட்டவங்கள், தடை இருக்கேக்கயே பேங்க் பங்கெல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்தது.

இப்ப மற்றது. கொன்வேர்ட்டிபிள் ப்ரிஃபர்ட், தமிழில சொன்னா சாதாரண பங்கா மாத்தக்கூடிய முன்னுரிமைப் பங்கு. பங்கிலாபம் முதல்ல அவைக்கு, கொம்பனியை மூடினாலும் சாதாரண பங்குக்காரருக்கு முன்னம் அவைக்கு, அதோட விரும்பினா சாதாரண பங்கா மாத்திக்கொள்ளலாம். கேக்க வடிவாத்தான் இருக்கு. எந்த விலைக்கு மாத்துறது எண்டதிலதான் எல்லாச் சீவனும் கிடக்கு.

கிண்ணியாவில ஒருத்தர் போட் வச்சிருக்கிறார் எண்டு வையுங்கோ, எஞ்சின் மாத்தக் காசு வேணும். ஒரு முதலாளி வந்து காசு தாறன், திருப்பித் தர வேண்டாம், அதுக்குப் பதிலா போட்டை இண்டைக்கு இத்தனை லட்சம் எண்டு வச்சு பிறகு எனக்குப் பங்கு தா எண்டுறார். இது நிலையான விலை. இன்னொருத்தர் வாறார், நானும் காசு தாறன், ஆனா நான் பங்கு கேக்கிற அண்டைக்கு போட் என்ன விலைக்குப் போகுதோ அதில 20 வீதம் குறைச்சு வச்சுத்தான் பங்கு தரவேணும் எண்டுறார். இந்த ரெண்டாவது ஆள் கரையில நிண்டு "அந்தப் போட்டில ஓட்டையாம்" எண்டு கதை பரப்பினா ஆருக்கு லாபம்? போட்டிட விலை விழ விழ அவற்ற பங்கு பெருக்கும். அவர் நட்டப்படுற வழி குறைவு.

நம்பரில போட்டா இன்னும் வடிவா விளங்கும், வகுப்பில செய்யிற மாதிரியே செய்வம். கொம்பனிக்கு 10 மில்லியன் பங்கு, விலை 10 டொலர். 20 மில்லியன் டொலருக்கு மாத்தக்கூடிய முன்னுரிமைப் பங்கு விக்குது. மாத்துற விலை 12.50 டொலர் எண்டு நிலையா எழுதினா புதுசா வாறது 1.6 மில்லியன் பங்கு, அவ்வளவுதான், முழுக் கொம்பனியும் உங்கட கையில இருந்திருந்தா இப்ப 86 வீதம், மிச்சம் அவைக்கு. பரவாயில்ல, தாங்கலாம், காசும் உள்ள வந்திருக்கு.

அதையே சந்தை விலையில 20 வீதம் குறைச்சு எண்டு எழுதினா, விலை 10ல நிக்கேக்க மாத்தினா 8 டொலர்ப்படி 2.5 மில்லியன் பங்கு. விலை 5க்கு வந்தா 4 டொலர்ப்படி 5 மில்லியன். 2க்கு வந்தா 1.60ப்படி 12.5 மில்லியன், அதாவது முதல் இருந்த மொத்தப் பங்கை விடக் கூட. 1 டொலருக்கு வந்தா 25 மில்லியன். மாத்த மாத்த புதுப் பங்கு சந்தைக்கு வரும், வர வர விலை விழும், விழ விழ அடுத்த தரம் இன்னும் கூடப் பங்கு. அமெரிக்காவில இதுக்கு டெத் ஸ்பைரல் எண்டு பேர், சாவுச் சுழி எண்டு சொல்லலாம். காசு போட்டவர் எந்த விலையில மாத்தினாலும் 20 மில்லியனுக்கு 25 மில்லியன் பெறுமதியான பங்கு கிடைக்குது, அவருக்கு இருக்கிற ஒரே பயம் மாத்தி விக்கிறதுக்கு இடையில விலை விழுறது. அதை அவர் என்ன செய்யிறார்? முதலே ஷோர்ட் அடிச்சு வச்சுட்டு, பிறகு மாத்தி வாற பங்கைக் குடுத்து அந்தக் கடனைத் தீர்க்கிறார்.

இந்த இடத்தை மருமகனுக்கு ரெண்டு தரம் சொன்னனான். சாதாரண ஷோர்ட் காரன் சந்தையில வாங்கித்தான் கடனைத் தீர்க்கவேணும், அதாலதான் ஸ்குவீஸ் எண்ட ஒண்டே வருது. கையில முன்னுரிமைப் பங்கு வச்சுக்கொண்டு ஷோர்ட் அடிச்சவன் சந்தைப்பக்கமே வரத்தேவையில்ல, கொம்பனியே அவனுக்குப் பங்கு அச்சடிச்சுக் குடுக்கும். அப்ப அந்த 30 வீதம் எண்ட நம்பர்ல எவ்வளவு உண்மையான, மூச்சுத் திணறக்கூடிய ஷோர்ட், எவ்வளவு பின்கதவு திறந்து வச்சுக்கொண்டு நிக்கிற ஷோர்ட்? அமெரிக்காவில மாசத்துக்கு ரெண்டு தரம் வெளியிடுற அந்தக் கணக்கில இது ரெண்டும் ஒண்டாத்தான் கிடக்கும். குரூப்பில 30 வீதம் எண்டு கொடி பிடிக்கிற பெடியள் இதைக் கதைக்கிறதே இல்ல.

இதை நியாயமா செய்யிற ஆக்களும் இருக்கினம், அதையும் சொல்லவேணும். நிலையான விலையில மாத்துற பங்கை வாங்கிற ஃபண்ட் காரர் (மற்றவைட காசைச் சேத்து முதலீடு செய்யிறவை) தங்கட ஆபத்தைக் குறைக்க அளவா ஷோர்ட் வைப்பினம், அறிவிக்கிற அண்டைக்கு விலை சட்டெண்டு விழுறதில ஒரு பங்கு அதாலதான். பிறகு விலை ஏறினா இன்னும் கொஞ்சம் விப்பினம், விழுந்தா கொஞ்சம் திருப்பி வாங்குவினம், அது விலை தாறுமாறா ஆடாமப் பிடிச்சுக்கொள்ளவும் செய்யும். கொம்பனிட மேல கோபமோ சந்தேகமோ அவைக்கு இல்ல. மற்ற ரகமும் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. ரைனோ அட்வைசர்ஸ் எண்ட நிறுவனம் செடோனா எண்ட கொம்பனிட பங்கை ஷோர்ட் அடிச்சு விலையை இறக்கினது, இறக்கினா தன்ர கிளையண்டுக்கு மாத்தேக்க கூடப் பங்கு வரும் எண்டதுக்காக, எண்டு எஸ்இசி (அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அரச ஆணையம்) 2003-ல குற்றம் சாட்டி, அவை 10 லட்சம் டொலர் தண்டம் கட்டி முடிச்சவை. அது முன்னுரிமைப் பங்கு இல்ல, மாத்தக்கூடிய கடன் பத்திரம், ஆனா வித்தை ஒண்டுதான்.

இனி எனக்குப் பிடிச்ச ரெண்டு கதை. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தாத்தான் ருசி.

2008-ல வொக்ஸ்வாகனுக்கு ரெண்டு வகைப் பங்கு, சாதாரணமும் முன்னுரிமையும். சாதாரண பங்கு சரியா ஏறிப்போய் நிண்டதால கன ஹெட்ஜ் ஃபண்ட் காரர் முன்னுரிமையை வாங்கி சாதாரணத்தை ஷோர்ட் அடிச்சவை, இடைவெளி குறையும் எண்டு நம்பி. ஒக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, போர்ஷ் அறிவிக்குது தங்களிட்ட 42.6 வீதமும் அதுக்கு மேல 31.5 வீதத்துக்கு ஒப்ஷனும் (பங்கு விலையோட கட்டின ஒப்பந்தம்) இருக்கு எண்டு. லோவர் சாக்சனி மாநில அரசிட்ட 20 வீதம். கூட்டிப் பாருங்கோ, சந்தையில மிஞ்சினது ஆறு வீதம்கூட இல்ல, ஷோர்ட் அதை விடக் கூட. ரெண்டு நாள்ல விலை 1000 யூரோவைத் தாண்டினது, கொஞ்ச நேரத்துக்கு உலகத்திலயே பெறுமதி கூடின கொம்பனி வொக்ஸ்வாகன். முன்னுரிமைப் பங்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவைக்கு அது ஒண்டுக்கும் உதவேல்ல, ஏனெண்டால் அதை சாதாரண பங்கா மாத்த ஏலாது.

மற்றது ஏஎம்சி, தியேட்டர் கொம்பனி. காசு வேணும், ஆனா புதுப் பங்கு விக்க அனுமதிச்ச எண்ணிக்கை முடிஞ்சுபோச்சு, பங்குதாரரும் கூட்டித்தரச் சம்மதிக்கேல்ல. 2022 ஓகஸ்ட்ல ஒவ்வொரு பங்குக்கும் ஒரு 'ஏப்' எண்டு குடுத்தாங்கள் (குரங்கு எண்டு அர்த்தம், அந்தப் பங்கு வச்சிருந்த ஆக்கள் தங்களையே அப்பிடித்தான் கூப்பிட்டவை, கொம்பனி அதையே பேரா வச்சுட்டுது). அது மாத்தக்கூடிய முன்னுரிமைப் பங்கின்ர ஒரு துண்டு. பங்குதாரர் சம்மதிச்சா ஒரு ஏப் ஒரு ஏஎம்சி ஆகும். ஒரே கொம்பனி, ஒரே வோட், ஆனா சந்தையில ஏஎம்சி ஏப்பை விடப் பல மடங்கு விலையில நிண்டது. ஃபண்ட் காரர் ஏப்பை வாங்கி ஏஎம்சியை ஷோர்ட் அடிச்சினம், வொக்ஸ்வாகன்ல செய்த அதே வேலை. குரூப்பெல்லாம் ஸ்குவீஸ் ஸ்குவீஸ் எண்டு கத்தினது. டிசெம்பர்ல அன்டாரா எண்ட ஃபண்டுக்கு கொம்பனி ஏப்பை மலிவா வித்தது, அவை மாத்துறதுக்கு வோட் போடுறம் எண்ட உடன்படிக்கையோட. மார்ச்ல வோட் வெண்டது, பிறகு வழக்கு, யூலை 21ல நீதிபதி முதல் சமரசத்தை நிராகரிச்சார், ஓகஸ்ட் 11ல திருத்தினதை ஏத்துக்கொண்டார். 2023 ஓகஸ்ட் 24ல பத்துப் பங்கு ஒண்டாச் சுருங்கி அடுத்தநாள் ஏப் எல்லாம் ஏஎம்சி ஆச்சு. ஷோர்ட் அடிச்சவனிட்ட குடுக்கிறதுக்குப் பங்கு கையில வந்துட்டுது. சந்தையில வாங்க வேண்டிய அவசரம் ஆருக்கு?

வொக்ஸ்வாகன்ல கதவு இல்ல, ஏஎம்சியில கதவு இருந்தது. ரெண்டு கதைக்கும் நடுவில உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கட ஊர்லயே ஃபேக்டரி வச்சிருக்கிற டோக்கியோ சிமெண்டை எடுங்கோ, கொழும்பு பங்குச் சந்தையில அதுக்கும் ரெண்டு பங்கு ஓடுது, பின்னுக்கு என் எண்டு போட்டது வோட் உள்ளது, எக்ஸ் எண்டு போட்டது வோட் இல்லாதது. எக்ஸ் விலை 'என்' பங்கை விடக் குறையத்தான் நிக்கும். வகுப்பில ஒருக்கா ஒரு பெடியன் கேட்டவன், "சேர், ரெண்டும் ஒரே சிமெண்ட்தானே, மலிவானதை வாங்கி வச்சா ஒருநாள் சமனாகும்தானே" எண்டு. நல்ல கேள்வி. ஆனா எக்ஸை நீங்க நினைச்ச நேரம் 'என்' பங்கா மாத்த ஏலாது, அப்ப அந்த இடைவெளி வருசக்கணக்கா அப்பிடியே கிடந்தாலும் ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாது.

சரி, இனி அவன்ட நாலு வழி.

தானும் ஷோர்ட் அடிக்கிறது எண்டதை நான் ஒரு நிமிசத்தில முடிச்சுட்டன். அவன்ட பங்கு கிடக்கிறது டிஎஃப்எஸ்ஏ கணக்கில (கனடாவில வரி இல்லாத சேமிப்புக் கணக்கு), கனடாவில அந்தக் கணக்கில ஷோர்ட் பண்ணவே விடமாட்டாங்கள். வேற கணக்கில செய்யிறதெண்டால் இப்பிடிப்பட்ட பங்குக்குக் கடன் கூலி கொடூரமா இருக்கும், குடுத்தவன் கேட்டா எந்த நேரமும் திருப்பிக் குடுக்கவேணும், இடையில பங்கிலாபம் வந்தா அதையும் இவன்தான் கட்டவேணும். புட் ஒப்ஷன் (குறிச்ச விலைக்குப் பங்கை விக்கிற உரிமை) வாங்கலாமே எண்டான். வாங்கலாம், நட்டமும் போட்ட காசோட நிக்கும், ஆனா கடன் கூலி கூடின பங்குக்குப் புட் விலையும் அதையும் சேத்துத்தான் வரும், ஓசியில ஒண்டும் இல்ல. மழை வருது எண்டு எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகு குடை விலை கூடத்தானே.

அந்த முன்னுரிமைப் பங்கையே வாங்குறது. இதுதான் புத்திசாலித்தனமான கேள்வி, ஆனா பெரும்பாலும் வாங்க ஏலாது. ஃபண்டுக்குத் தனியா விக்கிறதுதான் வழக்கம், ஆப்பில தேடினா வராது. ஏப் மாதிரி சந்தையில ஓடுறது கொஞ்சம். 2025 தொடக்கத்தில மைக்ரோஸ்ட்ராட்டஜி எண்ட அமெரிக்கக் கொம்பனி வித்த ஸ்ட்ரைக் எண்டதும் அப்பிடி ஒண்டு, 100 டொலர் முகப்பெறுமதிக்கு வருசம் 8 வீதம், வித்தது 80 டொலருக்கு, பத்து குடுத்தா ஒரு சாதாரண பங்கு, அதாவது மாத்துற விலை 1000 டொலர். அப்ப சாதாரண பங்கு அதுக்கு எவ்வளவோ கீழ நிண்டது. இப்பிடித் தூரத்தில நிலையா ஆணி அடிச்சு வச்ச பங்கு சாதாரண பங்குக்காரரைப் பெரிசா உறுத்தாது, ஆறுதலா யோசிச்சு வாங்கலாம், பங்கிலாபம் ஒழுங்கா வருமோ எண்டதுதான் அங்க கேள்வி. மருமகன்ட கொம்பனி வித்தது தனியா ஒரு ஃபண்டுக்கு, அதால அவனுக்கு இந்த வழியும் அடைஞ்சுபோச்சு.

மிச்சம் ரெண்டு, வச்சிருக்கிறது, விக்கிறது. வச்சிருக்கச் சொல்லுறவை எல்லாரும் காட்டுறது 2021 தை மாசத்து கேம்ஸ்டொப்பைத்தான் (அமெரிக்காவில வீடியோ கேம் விக்கிற கடைக் கொம்பனி), மாசத் தொடக்கத்தில 20 டொலருக்குக் கீழ இருந்து 28ம் திகதி நடுவில 483 வரைக்கும் போனது. உண்மைதான். ஆனா அங்க ஷோர்ட் அடிச்சவனிட்ட மாத்திக் குடுக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்ல, சந்தையிலதான் வாங்கவேண்டி வந்தது. நான் அவனுக்குக் காட்டினது பெட் பாத் அண்ட் பியோண்ட் எண்ட வீட்டுச் சாமான் கடைக் கொம்பனியை. 2023 பெப்ரவரியில மாத்தக்கூடிய முன்னுரிமைப் பங்கும் வாரண்டும் (பிறகு பங்கு வாங்குற உரிமை) வித்தினம், மாத்துற விலை சந்தையோட சேந்து இறங்கக்கூடிய மாதிரி. அப்பவும் ஆக்கள் ஷோர்ட் கூட இருக்கு, ஸ்குவீஸ் வரும் எண்டு வாங்கினவை. 120 மில்லியனுக்குக் கிட்ட இருந்த பங்கு மார்ச் கடைசியில 400 மில்லியனைத் தாண்டினது. ஏப்ரல் 23 வங்குரோத்து மனு. செப்டெம்பர் கடைசியில சாதாரண பங்கு முழுக்க ரத்து, கணக்கில இருந்த நம்பர் பூச்சியம். ஷோர்ட் காரன் அழிச்சான் எண்டு இண்டைக்கும் சொல்லுற ஆக்கள் இருக்கினம். அந்தப் பங்கு மூண்டு மடங்குக்கு மேல ஆனது ஆற்ற கையெழுத்தில எண்டு பாத்தா கொம்பனிட கையெழுத்துத்தான் இருக்கும்.

அதால நான் சொன்னது, விக்கிறதா வச்சிருக்கிறதா எண்டு என்னட்டக் கேக்காத, குரூப்பிலயும் கேக்காத, கொம்பனி எஸ்இசிக்குக் குடுத்த பத்திரத்தை எடு, அதில மாத்துற விலை எண்ட இடத்தைத் தேடு. நிலையான நம்பர் எழுதியிருந்தா, அந்த நம்பர் இண்டைய விலைக்கு மேல இருந்தா, காசை நல்ல வேலைக்கு எடுக்கினம் எண்டு உனக்கு நம்பிக்கை இருந்தா, இந்த 22 வீதத்தைப் பாத்துப் பயப்படாத, பொறு. சந்தை விலையில இத்தனை வீதம் எண்டு இருந்தா, கீழ்வரம்பு (மாத்துற விலை இதுக்குக் கீழ போகாது எண்ட எல்லை) எவ்வளவு எண்டு பார், அந்தக் கீழ்வரம்பு விலையில எத்தனை பங்கு வரும் எண்டு கல்குலேட்டரில அடிச்சுப் பார், அந்த எண்ணிக்கை உனக்குத் தாங்குமெண்டால் வச்சிரு. கீழ்வரம்பே இல்லையெண்டால் எனக்கு ஃபோன் எடுக்கத் தேவையில்ல, வித்துப்போட்டுப் படு.

(இஞ்ச ஆராவது இதைப் படிச்சுட்டு அமெரிக்கப் பங்குக்குக் காசு அனுப்ப வெளிக்கிட்டா, முதல்ல பேங்கில போய் மத்திய வங்கிட செலாவணி விதியைக் கேளுங்கோ, உண்டியல்ல அனுப்பி மாட்டுப்படாதேங்கோ.)

அடுத்தநாள் விடிய நான் டச் பே கடற்கரையில நடந்து முடிச்சு தேத்தண்ணி குடிக்கேக்க வட்ஸ்அப்பில ஒரு ஃபைல், அறுபது பக்கத்துக்கு மேல. தேடிக் கண்டுபிடிச்சிருக்கிறான், ஒரு வரியை மஞ்சளா அடிச்சு அனுப்பியிருந்தான்: நிர்ணயிச்ச விலை, அல்லாட்டி முந்தின பத்து நாள்ல ஆகக் குறைஞ்ச சராசரி விலையின்ர 90 வீதம், ரெண்டில எது குறைவோ அது. கீழ்வரம்பு ஒண்டு இருந்தது, அண்டைய விலையில ஐஞ்சில ஒண்டு. கணக்கைப் போட்டுப் பாத்திருக்கிறான், அந்த அடிக்கு வந்தா பங்கு ரெண்டரை மடங்கு.

கீழ ஒரு கேள்வி. "மாமா, எது குறைவோ அது எண்டால் ஆருக்குக் குறைவு?"

முக்கால்வாசியை திங்கட்கிழமை வித்துட்டான். மிச்சக் கால்வாசி ஸ்குவீஸுக்காம், அதை நான் ஒண்டும் சொல்லேல்ல, அவன்ட காசு. அக்காக்கு இன்னும் தெரியாது.